புது காரை டிஸ்கவுண்ட்ல வாங்கணும்: ஆன்லைன் புரோக்கரா, ஷோரூமா?

புது வண்டி வாங்கலாம்னு நெட்ல விலை தேட ஆரம்பிச்ச உடனே ரெண்டு விலை கண்ணுல படும். ஒண்ணு ஷோரூம்ல சொல்ற விலை, இன்னொண்ணு ஆன்லைன் புரோக்கர் போட்டிருக்கற விலை. அதே மாடல், அதே இன்ஜின், அதே கலர், ஆனா விலையில மட்டும் சில சமயம் பெரிய வித்தியாசம் இருக்கும், இவரால மட்டும் எப்படி இவ்வளவு குறைக்க முடியுதுன்னு சந்தேகம் வரும். சந்தேகம் வர்றது நல்லதுதான், அதோடவே மேல படிங்க.

முதல்ல ஒரு விஷயம். பெரும்பாலான புரோக்கர்கிட்ட சொந்தமா வண்டியே கிடையாது. அவர் காட்டற வண்டியும் ஏதோ ஒரு ஊர்ல இருக்கற ஏதோ ஒரு டீலர்கிட்ட இருந்துதான் வரப்போகுது. அதனால "புரோக்கரா டீலரா"ன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி, எந்த டீலர், பில் யார் போடுவாங்க, பதிவுல முதல் பேரு யாரோடது, இந்த மூணுக்கும் பதில் வாங்கணும். இந்த மூணும் தெளிவா இருந்தா புரோக்கர் வழியா வாங்கறதுல பயப்பட ஒண்ணும் இல்ல. இதுல ஒண்ணுக்கு மழுப்பலா பதில் வந்தாலும் விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் விட்டுடுங்க.

புரோக்கர்னு பேரு வச்சிருக்கறவங்க எல்லாரும் ஒரே வேலை பண்றதில்ல. சில சைட்டு உங்க போன் நம்பரையும் எந்த வண்டி வேணும்ங்கற விவரத்தையும் வாங்கி நாலஞ்சு டீலருக்கு அனுப்பிடும், அவங்க உங்களுக்கு விலை சொல்லுவாங்க, அதுல ஒருத்தர்கிட்ட நீங்க வாங்கினா டீலர் அந்த சைட்டுக்கு கமிஷன் கொடுப்பார், சில சைட்டுக்கு விவரம் அனுப்பினதுக்கே காசு வரும். இது வெறும் அறிமுகம் பண்ணி வைக்கற வேலை. ரெண்டாவது, நிஜமாவே புரோக்கர் வேலை பண்றவங்க, டீலருங்ககிட்ட முன்னாடியே விலை பேசி வச்சிருப்பாங்க, ஆர்டர் எடுத்து டீலர்கிட்ட கொடுப்பாங்க, வண்டி வர்ற வரைக்கும் நடுவுல பேசறதும் அவங்கதான், ஆனா பில் டீலர் பேர்ல வரும். மூணாவது வகைதான் கவனிக்க வேண்டியது. வண்டியை தன் கம்பெனி பேர்லயோ டீலர் பேர்லயோ முதல்ல பதிவு பண்ணிட்டு அப்புறம் உங்க பேருக்கு மாத்திக் கொடுப்பாங்க. மீட்டர்ல பத்து கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், சீட்டு மேல போட்ட பிளாஸ்டிக்கைக் கூட பிரிச்சிருக்க மாட்டாங்க, ஆனா பேப்பர்ல நீங்க ரெண்டாவது ஓனர், நாளைக்கு விக்கப் போகும்போது அதைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பாங்க. இது ஏமாத்து வேலைன்னு நான் சொல்லல, சொல்லிட்டு விக்கற வரைக்கும் நியாயமான வியாபாரம்தான், ஆனா அந்த விலையை புத்தம் புது வண்டி விலையோட ஒப்பிடவே கூடாது. இன்னும் சில சைட்டுல விலையே இருக்காது, மாசத் தவணை மட்டும் பெருசா போட்டிருப்பாங்க, அது பெரும்பாலும் லீஸ், முடிவுல வண்டி உங்களோடது ஆகாது, அதை இதுக்குள்ள கொண்டு வந்து குழப்பிக்காதீங்க.

இவ்வளவு டிஸ்கவுண்ட் எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சா பேரம் பேசறது ரொம்ப ஈசி ஆயிடும். டீலருக்கு ஒரு வண்டில கிடைக்கற லாபம் லிஸ்ட் விலைக்கும் அவர் கம்பெனிக்குக் கட்டற விலைக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் மட்டும் இல்ல. மாசத்துக்கு, மூணு மாசத்துக்கு இத்தனை வண்டி வித்தா இவ்வளவு போனஸ்னு கம்பெனி ஒரு டார்கெட் வச்சிருக்கும், அந்த போனஸ் பல சமயம் கடைசி வண்டி வரைக்கும் வித்து முடிச்சாதான் கிடைக்கும், டார்கெட்டுக்கு ரெண்டு வண்டி குறையுதுன்னா அந்த ரெண்டு வண்டியை நஷ்டத்துல கொடுத்தாலும் மொத்தத்துல அவருக்கு லாபம்தான். அமெரிக்காவுல இதுக்கு மேல ஹோல்ட்பேக்னு ஒண்ணு இருக்கு, பல கம்பெனிங்க லிஸ்ட் விலையில 1லிருந்து 3 சதவீதம் வரைக்கும் வண்டி வித்த பிறகு டீலருக்குத் திருப்பித் தர்றாங்க, அதனால டீலர் "இதுதான் எங்க இன்வாய்ஸ் விலை, இதுக்குக் கீழ போனா நஷ்டம்"னு காகிதத்தைக் காட்டினாலும் அவர் கையில இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். போதாததுக்கு ஸ்டாக்ல நிக்கற ஒவ்வொரு வண்டிக்கும் டீலர் கடன் வாங்கித்தான் காசு போட்டிருப்பார், நிக்கற ஒவ்வொரு நாளும் அவருக்கு வட்டி ஏறுது.

இப்ப டீலர் ஏன் தன் ஷோரூம் வாசல்ல அந்த விலையைப் போடாம புரோக்கர்கிட்ட கொடுக்கறார்? வாசல்ல போட்டா அந்த ஊர்ல வர்ற எல்லாரும் அதே விலையைக் கேப்பாங்க. தூர ஊர்ல இருக்கற, தன் ஷோரூமுக்கு எப்பவுமே வரப்போகாத ஒருத்தருக்கு புரோக்கர் வழியா குறைச்சு வித்தா டார்கெட்டும் முடியும், உள்ளூர் விலையும் கெடாது. சேல்ஸ்மேன் நேரம், டெஸ்ட் டிரைவ், காபி உபசாரம் எதுவும் செலவு இல்ல. ஆக புரோக்கர் விலை குறைவா இருக்கறதுக்கு நேர்மையான காரணம் நிறையவே இருக்கு.

இதுல இருந்தே எப்போ வாங்கணும்னும் புரிஞ்சிருக்கும். மூணு மாசக் கணக்கு முடியற கடைசி பத்து நாள், வருஷக் கடைசி, அப்புறம் அந்த மாடலுக்கு புது முகம் வரப்போகுதுன்னு கம்பெனி அறிவிச்ச பிறகு. ஆனா டார்கெட் கணக்கு பல இடத்துல புக்கிங் பண்ண தேதியைப் பாக்காது, வண்டி பதிவான தேதியைத்தான் பாக்கும், அதனால கடைசி நாள்ல போய் உக்காராதீங்க, பதிவு வேலைக்கு அவருக்கு நேரம் வேணும். ஸ்டாக்ல இருக்கற வண்டிக்குத்தான் இந்த அவசரம் எல்லாம் வேலை செய்யும், ஆறு மாசம் கழிச்சு ஃபேக்டரில இருந்து வரப்போற வண்டிக்கு இந்த மாசக் கடைசியில போய் நின்னா பெருசா பிரயோஜனம் இல்ல.

டிஸ்கவுண்டே கிடைக்காத வண்டியும் இருக்கு. புதுசா வந்து வெயிட்டிங் லிஸ்ட்ல ஓடற மாடலுக்கு புரோக்கரும் ஒண்ணும் பண்ண முடியாது. டெஸ்லா மாதிரி கம்பெனி நேரா விக்கற இடத்துல நடுவுல டீலரே கிடையாது, சைட்டுல போட்ட விலைதான் எல்லாருக்கும், ஏதாவது ஆஃபர் வந்தா அதுவும் கம்பெனிகிட்ட இருந்தே நேரா வரும். இந்த மாதிரி வண்டிக்கு "நான் குறைச்சு வாங்கித் தர்றேன்"னு ஒருத்தர் சொன்னா, எப்படின்னு ரெண்டு தடவை கேளுங்க.

சரி, வேலையை எங்க ஆரம்பிக்கணும்? ஷோரூம்லதான். ஓட்டிப் பாக்காம புது வண்டி வாங்காதீங்க, எவ்வளவு வீடியோ பாத்திருந்தாலும் சரி. உக்காந்து பாத்தாதான் சீட்டு முதுகுக்கு ஒத்துக்குதா, பின்னாடி குழந்தை சீட்டு போட்டா முன் சீட்டை எவ்வளவு முன்னாடி தள்ளணும், வீட்டு பார்க்கிங்ல கதவு திறக்குமாங்கறதெல்லாம் தெரியும். டெஸ்ட் டிரைவ் முடிஞ்ச உடனே ஷோரூம்லயே எந்த வேரியண்ட், எந்த இன்ஜின், எந்த கியர், கலர், என்னென்ன ஆப்ஷன் பேக், எந்த வருஷ மாடல்னு எழுதிக்கோங்க. கம்பெனி சைட்டுல நீங்களே வண்டியை செட் பண்ணிப் பாக்கற வசதி இருந்தா அதுல எல்லாத்தையும் போட்டு சேவ் பண்ணிடுங்க, பல கம்பெனி அதுக்கு ஒரு கோட் கொடுக்கும், அந்தக் கோட் நம்பரை அனுப்பினா எல்லா டீலரும் எல்லா புரோக்கரும் ஒரே வண்டிக்குத்தான் விலை சொல்லியாகணும். இதைப் பண்ணாம கேட்டா ஒருத்தர் பேஸ் வேரியண்ட்டுக்கு சொல்லுவார், இன்னொருத்தர் போன வருஷ ஸ்டாக்குக்கு சொல்லுவார், நீங்க குறைஞ்ச விலைன்னு சந்தோஷப்பட்டுட்டு இருப்பீங்க.

ஷோரூம் ஆளோட நேரத்தை எடுத்துக்கிட்டு வேற இடத்துல வாங்கறது சரியான்னு சிலருக்கு உறுத்தும், உறுத்தறதுல அர்த்தம் இருக்குன்னுதான் நான் நினைக்கறேன். அதுக்கு வழி, மறைக்காம சொல்லிடறது. "ஆன்லைன்லயும் விலை பாத்துட்டு இருக்கேன், முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட கண்டிப்பா ஒரு வாய்ப்பு கொடுப்பேன்"னு சொல்லிட்டு அதைக் காப்பாத்துங்க. நல்ல சேல்ஸ்மேன் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

இப்ப கொடேஷன். எல்லாரும் தடுமாறற இடம் இதுதான், அதனால இங்க கொஞ்சம் நின்னு பாப்போம். விளம்பரத்துல பெருசா போட்டிருக்கற டிஸ்கவுண்டை மறந்துடுங்க, சாவி கையில வரும்போது மொத்தமா எவ்வளவு கட்டியிருப்பீங்க, அந்த ஒரு நம்பர்தான் கணக்கு. அதுக்கு ஒவ்வொரு செலவையும் தனித்தனியா எழுதி வாங்கணும்: வண்டியோட லிஸ்ட் விலை, ஆப்ஷன் விலை, ஃபேக்டரில இருந்து கொண்டு வர்ற செலவு, அரசாங்க வரி, பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட், ஹேண்ட்லிங்னோ டாக்குமெண்ட் சார்ஜ்னோ போடற ஒரு கட்டணம், உங்க வீட்டுக்குக் கொண்டு வந்து விடற செலவு, புரோக்கர் உங்ககிட்ட தனியா ஃபீஸ் வாங்கறார்னா அது. இதுல அரசாங்க வரி, பதிவு ரெண்டுலயும் பேரம் பேச முடியாது, மீதி பெரும்பாலும் பேசக் கூடியதுதான். ஹேண்ட்லிங் சார்ஜ் மாதிரி கட்டணத்துலதான் கொடுத்த டிஸ்கவுண்டை திரும்ப எடுத்துக்குவாங்க. பெயிண்ட் கோட்டிங், சீட்டுக்கு ஸ்ப்ரே, திருட்டுத் தடுப்பு ஸ்டிக்கர்னு நீங்க கேக்காமயே சேத்திருந்தா எடுத்துடச் சொல்லுங்க, வேணும்னா வெளிய பாதி விலைக்குக் கிடைக்கும்.

அடுத்தது, அந்த டிஸ்கவுண்ட் யாருக்கு. புரோக்கர் சைட்டுல தெரியற நம்பர் பல சமயம் எல்லா ஆஃபரையும் ஒண்ணா கூட்டிப் போட்டதா இருக்கும்: பழைய வண்டியை எக்ஸ்சேஞ்ச் பண்ணா இவ்வளவு, அதே கம்பெனி வண்டி ஏற்கனவே வச்சிருந்தா இவ்வளவு, குறிப்பிட்ட வேலையில இருந்தா இவ்வளவு, எங்க ஃபைனான்ஸ்ல எடுத்தா இவ்வளவு, இப்படி. இதுல உங்களுக்குப் பொருந்தாததை எல்லாம் கழிச்சுட்டா அந்தப் பெரிய நம்பர் பாதி ஆயிடும். "எனக்கு எக்ஸ்சேஞ்ச் கிடையாது, லோன் வேற இடத்துல, வேற எந்த ஆஃபருக்கும் நான் தகுதி இல்ல, இப்ப விலை என்ன?"ன்னு ஒரே வரியில கேளுங்க. அதுதான் நிஜ விலை, மீதி எல்லாம் அதுக்கு மேல பேசலாம்.

லோன்ல வாங்கறவங்களுக்கு இன்னும் முக்கியமான ஒண்ணு இருக்கு, குறைஞ்ச விலை வண்டி கடைசியில கூடுதல் விலை ஆகலாம். எந்த நாட்டுக் காசா வேணா வச்சுக்கோங்க, வண்டி 25,000, கையில இருந்து 5,000 போடறீங்க, மீதி நாலு வருஷ லோன். உள்ளூர் டீலர் 800தான் குறைக்கறார், ஆனா கம்பெனியோட பூஜ்யம் சதவீத வட்டி ஆஃபர் தர்றார், அப்ப லோன் 19,200, மாசம் சரியா 400. புரோக்கர் 2,000 குறைக்கறார், ஆனா அந்த ஆஃபர் அவர்கிட்ட கிடையாது, நீங்க வருஷத்துக்கு 8 சதவீதத்துல வெளிய லோன் எடுக்கறீங்க, லோன் 18,000, மாசத் தவணை சுமார் 439. விலையில 1,200 மிச்சம் பண்ணிட்டு நாலு வருஷத்துல கிட்டத்தட்ட 1,900 கூடுதலா கட்டறீங்க. முழுப் பணத்தையும் கையில வச்சிருக்கறவருக்கு இதே கணக்கு தலைகீழா வரும், அவருக்கு புரோக்கர் விலைதான் லாபம். அதனால உங்க பணம் எப்படி வரப்போகுதுன்னு முடிவு பண்ணாம எந்த விலையையும் நல்ல விலைன்னு சொல்ல முடியாது.

வட்டியைக் கேக்கும்போது அது ஃப்ளாட் ரேட்டா (முதல்ல வாங்கின முழுக் கடனுக்கும் கடைசி வரைக்கும் வட்டி), இல்ல குறையும் பாக்கிக்கு வட்டியா (கட்டக் கட்ட மிச்சம் இருக்கற கடனுக்கு மட்டும்)ன்னு கண்டிப்பா கேளுங்க. நாலு வருஷ லோனுக்கு 5 சதவீதம் ஃப்ளாட்னு சொன்னா கேக்க இனிப்பா இருக்கும், குறையும் பாக்கிக் கணக்குல அது 9 சதவீதத்துக்கு மேல. கடைசித் தவணை மட்டும் பெருசா வச்சு மாசத் தவணையைக் குறைச்சுக் காட்டற திட்டத்துலயும் இதே கதைதான், மாசத் தவணையைப் பாக்காதீங்க, முடிவு வரைக்கும் மொத்தமா எவ்வளவு கட்டறீங்கன்னு பாருங்க. டீலர் ஃபைனான்ஸ் எடுத்தாதான் டிஸ்கவுண்ட்னு சொன்னா, எடுத்துட்டு சீக்கிரமே முழுசா கட்டி முடிக்கற வழி சில இடத்துல லாபமா இருக்கும், ஆனா முன்கூட்டி அடைச்சா அபராதம் எவ்வளவு, குறைஞ்சது எத்தனை மாசம் ஓடணும்னு ஒப்பந்தத்துல படிச்சுட்டுத்தான் இறங்கணும்.

பழைய வண்டி இருந்தா அதைப் புது வண்டிப் பேச்சுல கடைசி வரைக்கும் கொண்டு வராதீங்க. புது வண்டில நல்லா குறைச்ச மாதிரி காட்டிட்டு பழைய வண்டிக்கு அடிமாட்டு விலை பேசறது ரொம்ப சாதாரணம். வெளிய ரெண்டு மூணு இடத்துல அதுக்கு விலை வாங்கி வச்சுக்கோங்க, புது வண்டி விலை எழுத்துல வந்த பிறகு "இதையும் எடுத்துக்கறீங்களா"ன்னு கேளுங்க. புரோக்கருங்க நிறைய பேர் பழைய வண்டியை எடுத்துக்கவே மாட்டாங்க, எடுத்தாலும் பாக்காமயே விலை சொல்லிட்டு டெலிவரி அன்னைக்குக் கீறலைக் காட்டிக் குறைப்பாங்க. ஒரே நாள்ல பழசைக் கொடுத்துட்டு புதுசை எடுத்துட்டு வரணும்னு நினைக்கறவங்களுக்கு ஷோரூம்தான் நிம்மதி.

புரோக்கரை எப்படி சோதிக்கறது? கம்பெனி எந்தப் பேர்ல பதிவாகியிருக்கு, எத்தனை வருஷமா இருக்குன்னு அரசாங்கப் பதிவேட்டுல பாருங்க, பெரும்பாலான நாட்டுல இது நெட்லயே இலவசமா கிடைக்கும். சைட் முகவரியை எழுத்து எழுத்தா படிங்க, பேர் தெரிஞ்ச சைட்டு மாதிரியே ஒரு எழுத்து மாத்தி டூப்ளிகேட் வச்சிருக்கறவங்க இருக்காங்க. லோன் ஏற்பாடு பண்றேன்னு சொன்னா அதுக்கான லைசென்ஸ் இருக்கான்னு அந்த நாட்டு நிதிக் கட்டுப்பாட்டு அமைப்போட பதிவேட்டுல தேடுங்க. மத்த எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணு ரெண்டு சதவீத வித்தியாசத்துல விலை சொல்லும்போது ஒருத்தர் மட்டும் பத்து சதவீதம் கீழ இருந்தா அங்க ஏதோ விட்டுப் போயிருக்கு, ஒண்ணு ஏற்கனவே பதிவான வண்டி, இல்ல வேற நாட்டு மார்க்கெட்டுக்குப் பண்ண வண்டி, இல்ல வண்டியே இல்ல. வேற நாட்டு வண்டியா இருந்தா உபகரணம் மாறும், வாரண்டியிலயும் சிக்கல் வரலாம், "இது இந்த நாட்டு விற்பனைக்குன்னே வந்த வண்டிதானா, வாரண்டி இங்க முழுசா செல்லுமா"ன்னு எழுத்துல கேளுங்க.

அட்வான்ஸ் விஷயத்துல நான் கொஞ்சம் கறார்தான். அட்வான்ஸ் பில் போடற டீலருக்குத்தான் போகணும், புரோக்கரோட கணக்குக்கோ தனி ஆளோட கணக்குக்கோ போகக் கூடாது. கிரெடிட் கார்டுல கட்டினா வண்டி வரலன்னா பேங்க் வழியா திரும்பக் கேக்கற வழி இருக்கும், நேரா அக்கவுண்ட்டுக்கு அனுப்பிட்டா அதைத் திரும்ப வாங்கறது ரொம்பக் கஷ்டம். "இன்னைக்கே அனுப்பலன்னா வண்டி போயிடும்"னு அவசரப்படுத்தினா போகட்டும்னு விட்டுடுங்க, ஃபேக்டரில தினமும் வண்டி வந்துட்டுத்தான் இருக்கு. புரோக்கர் தனியா ஃபீஸ் வாங்கறவரா இருந்தா அதை எப்போ வாங்குவார், வண்டி வரலன்னா திருப்பித் தருவாரான்னு எழுத்துல இருக்கணும்.

கையில புரோக்கர் விலை வந்த பிறகு உள்ளூர் டீலர்கிட்ட திரும்பப் போங்க, நேர்ல போறதை விட முதல்ல மெசேஜ் அனுப்பறது நல்லது. இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார், போன வாரம் உங்க ஷோரூம்ல இந்த வேரியண்ட் ஓட்டிப் பாத்தேன். இதே ஸ்பெசிஃபிகேஷனுக்கு எல்லாம் சேத்து இவ்வளவுன்னு ஒரு கொடேஷன் வந்திருக்கு, பதிவு என் பேர்லயே, முதல் ஓனர். உங்ககிட்டயே வாங்கணும்னுதான் விருப்பம். எவ்வளவு பக்கத்துல வர முடியும்னு மொத்த விலையா ஒரு வரியில சொல்லுங்க, ஒத்து வந்தா இந்த வாரமே புக் பண்ணிடறேன்."

இதுல மூணு விஷயம் இருக்கு பாருங்க. அதே ஸ்பெசிஃபிகேஷன்னு சொல்லியாச்சு, முதல் ஓனர்னு சொல்லியாச்சு, அதனால அவர் "அது ரீ-ரெஜிஸ்டர் வண்டி சார், ஏற்கனவே ஒருத்தர் பேர்ல பதிவானது"ன்னு தட்டிக் கழிக்க முடியாது, வாங்கத் தயார்ங்கறதும் தெரிஞ்சுடுச்சு. இல்லாத கொடேஷனை இருக்கற மாதிரி சொல்லாதீங்க, காட்டுங்கன்னு கேப்பாங்க, காட்ட முடியலன்னா அதுக்கப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க. டீலர் முழுசா அதே விலைக்கு வரணும்னு பிடிவாதம் பிடிக்க வேண்டாம். என்னைக் கேட்டா வண்டி விலையில ஒண்ணு ஒண்ணரை சதவீத வித்தியாசத்துக்கு உள்ள வந்துட்டா உள்ளூர்லயே வாங்கிடுவேன், ஏன்னு கீழ சொல்றேன். விலையில இறங்க முடியலன்னாலும் முதல் ரெண்டு சர்வீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, சர்வீஸ் நேரத்துல மாத்து வண்டின்னு வேற வழியில கொடுக்கலாம், அதெல்லாம் அவருக்கு அடக்க விலை கம்மி, உங்களுக்கு நிஜமாவே பிரயோஜனம். வாய்ல சொன்னது எதுவும் கணக்குல வராது, ஆர்டர் ஃபார்ம்ல எழுதியிருக்கணும்.

டீலர் தூரத்துல இருந்தா என்ன கஷ்டம்னு கேட்டா, சர்வீஸ்ல பெருசா எதுவும் இல்ல. வாரண்டி கொடுக்கறது கம்பெனி, அந்த நாட்டுல அதே கம்பெனியோட எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரும் அதைப் பாத்தாகணும், எங்க வாங்கினீங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. கஷ்டம் வேற இடத்துல வரும். வண்டியில பெரிய குறை இருந்து திருப்பிக் கொடுக்கணும்னா, இல்ல சொன்ன ஆப்ஷன் இல்லாம வந்துடுச்சுன்னா, நிறைய நாட்டுச் சட்டத்துல நீங்க கேக்க வேண்டியது வித்தவர்கிட்ட, அவர் இருக்கறது ஐநூறு கிலோமீட்டர் தள்ளி, புரோக்கர் "என் வேலை ஆர்டரோட முடிஞ்சுது"ன்னு சொல்லிடலாம். நூத்துல பெரும்பாலான வண்டிக்கு இது வரவே வராது. ஆனா வந்தா அப்ப பக்கத்துல போய் எதிர்ல உக்காந்து பேசக் கூடிய டீலர் இருக்கறது பெரிய பலம், அதுக்குத்தான் அந்த ஒண்ணரை சதவீதம்.

ரத்து பண்ற உரிமையையும் பாத்துக்கோங்க. ஐரோப்பிய ஒன்றியத்துலயும் பிரிட்டன்லயும் நேர்ல போகாம முழுக்க ஆன்லைன்லயோ போன்லயோ வியாபாரிகிட்ட வாங்கினா பொருள் கையில வந்ததுல இருந்து 14 நாளுக்குள்ள காரணம் சொல்லாம ரத்து பண்ணலாம், ஆனா உங்களுக்குன்னே தனியா செய்யச் சொன்ன பொருளுக்கு அது பொருந்தாது, அதனால ஆப்ஷன் எல்லாம் பொறுக்கி ஃபேக்டரி ஆர்டர் போடறதா இருந்தா ரத்து பண்ணா என்ன ஆகும்னு முன்னாடியே எழுதி வாங்குங்க. அமெரிக்காவுல மூணு நாளுக்குள்ள வண்டியைத் திருப்பிடலாம்னு பலர் நம்பிட்டு இருக்காங்க, அந்த ஃபெடரல் விதி டீலரோட இடத்துல போய் வாங்கற வண்டிக்குக் கிடையாது.

ஆர்டர் ஃபார்ம்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, நடுவுல கம்பெனி விலையை ஏத்தினா யார் தலையில, டெலிவரி தேதி தள்ளிப்போனா அட்வான்ஸ் முழுசா திரும்ப வருமா, பதிவு யார் பேர்லன்னு அந்த ஃபார்ம்லயே பாத்துடுங்க. புரோக்கர் வழியா போறவங்க டீலர் பேர், டீலரோட ஆர்டர் நம்பர் ரெண்டும் வாங்கி, டீலருக்கு நேரா ஒரு போன் போட்டு "இந்த ஆர்டர் உங்க சிஸ்டத்துல இருக்கா"ன்னு கேட்டுடுங்க. அந்த டீலரோட போன் நம்பரை புரோக்கர் கொடுத்ததுல இருந்து எடுக்காதீங்க, கம்பெனி சைட்டுல இருக்கற டீலர் லிஸ்ட்ல இருந்து நீங்களே எடுங்க.

பாக்கிப் பணம் கட்டறது பில்லுல 17 எழுத்து சேசிஸ் நம்பர் வந்த பிறகுதான். அந்த நம்பர்ல ஐ, ஓ, க்யூ மூணு ஆங்கில எழுத்தும் வராது, 1, 0ங்கற நம்பரோட குழம்பும்னு விட்டுட்டாங்க, அந்த எழுத்து இருந்தா எங்கயோ தப்பா அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். இன்சூரன்ஸும் டெலிவரி அன்னைக்குக் காலையில இருந்தே செல்லற மாதிரி இதே நம்பருக்கு எடுத்துடுங்க.

டெலிவரியை முடிஞ்சா பகல் வெளிச்சத்துல வச்சுக்கோங்க, மழையில நனைஞ்ச வண்டில கீறல் தெரியாது. டிரக்குல வருதா ஒருத்தர் ஓட்டிட்டு வர்றாரான்னு முன்னாடியே கேளுங்க, ஓட்டிட்டு வந்தா மீட்டர்ல சில நூறு கிலோமீட்டர் ஏறியிருக்கும், அது உங்களுக்கு சம்மதமான்னு அப்பவே சொல்லிடணும். வண்டி வந்த உடனே சேசிஸ் நம்பரை பில்லோட ஒப்பிடுங்க, பல வண்டில முன் கண்ணாடிக்குக் கீழ டேஷ்போர்டு ஓரத்துல வெளிய இருந்தே படிக்கலாம். அப்புறம் குனிஞ்சு டயரைப் பாருங்க, பக்கவாட்டுல DOT (டாட்)னு தொடங்கற வரிசையோட கடைசி நாலு நம்பர் டயர் செஞ்ச தேதி, 2324ன்னா 2024ஆம் வருஷம் 23வது வாரம், சில டயர்ல அது ஒரு பக்கம்தான் இருக்கும், அதனால உள்பக்கமும் எட்டிப் பாக்க வேண்டி வரும். டயர் ரொம்ப பழசா இருந்தா வண்டி யார்டுல எவ்வளவு நாள் நின்னுச்சுன்னு கேக்க ஒரு ஆதாரம். நாலு டயரும் ஒரே கம்பெனியா, ரெண்டு சாவி இருக்கா, ஸ்டெப்னியோ பஞ்சர் கிட்டோ இருக்கா, எலக்ட்ரிக்கா இருந்தா சார்ஜிங் கேபிள் இருக்கா, கேட்ட ஆப்ஷன் எல்லாம் வேலை செய்யுதா பாருங்க. கீறலோ ஒடுக்கோ இருந்தா போட்டோ எடுத்து டெலிவரி நோட்லயே எழுதிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க, கொண்டு வந்தவர் அவசரப்படுத்துவார், அவர் வேலை அப்படி, நீங்க அவசரப்பட வேண்டாம்.

முதல் வாரத்துலயே இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. பக்கத்துல இருக்கற அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு சேசிஸ் நம்பரைக் கொடுத்து வாரண்டி எந்தத் தேதில இருந்து ஆரம்பிச்சிருக்குன்னு சிஸ்டத்துல பாக்கச் சொல்லுங்க. உங்க டெலிவரிக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி தேதி காட்டினா பெரும்பாலும் வண்டி உங்களுக்கு முன்னாடியே யாரோ பேர்ல பதிவாகியிருக்கு இல்ல டெமோ வண்டியா ஓடியிருக்குன்னு அர்த்தம். அந்த ஸ்கிரீனை எழுத்துல வாங்கி, "முதல் ஓனர்"னு எழுதின ஆர்டர் ஃபார்மோட சேத்து அன்னைக்கே வித்த டீலருக்கு மெயில் அனுப்புங்க, புரோக்கரையும் அதுல சேத்துடுங்க, பதில் வர்ற வரைக்கும் வேற எந்தக் காகிதத்துலயும் கையெழுத்து வேண்டாம்.